சித்தர் குனிந்தார், ஊர் சிரித்தது

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கிப் பக்கவாட்டில் கொஞ்சம் போனால் இரும்பை. வானூர் வட்டத்துச் சிற்றூர். சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இதுதான். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-ல் ஒன்று. கருவறையில் மகாகாளேஸ்வரரை உற்றுப் பார்த்தால் லிங்கம் மூன்றாக விண்டிருப்பது தெரியும். புத்தூர்க் கட்டுப் போட்டதுபோல் செப்புத் தகட்டால் இறுக்கி வைத்திருக்கிறார்கள். சாமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். ஒரு பெரிய மனிதரைப் பார்த்து ஊர் சிரித்ததாம். அடி சாமிக்கு விழுந்ததாம்.

அந்தப் பெரிய மனிதர் கடுவெளிச் சித்தர். அரசமரத்தடியில் உட்கார்ந்து தவம் செய்தார். மரத்திலிருந்து சருகு உதிர்ந்தால் கை நீளும், வாய்க்குப் போகும், கை மடங்கும். மளிகைச் செலவே இல்லாத மனிதர். யாரிடமும் "என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. தன் பெயரில் மன்றம் வைக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவரை ஊர் சும்மா விடுமா? பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் அவரைக் காட்டித் திட்டியிருப்பார்கள். "அந்தச் சாமியாரப் பாரு, சருகத் துன்னுட்டு சும்மா கீறாரு. ஒனக்கு மட்டும் கேவுரு கூழு தொண்டையில எறங்கலையா?"

இந்த மரியாதையெல்லாம் மழை பெய்துகொண்டிருந்த வரைக்கும்தான். மழை தவறியது. ஏரி வற்றியது, மாடு மெலிந்தது. வானம் பொய்த்தால் யாரையாவது கைகாட்டியாக வேண்டும். ராஜாவைக் கைகாட்டினால் கை இருக்காது. மிச்சமிருந்தவர் சித்தர். அவருடைய தவத்தின் அனல்தான் மேகத்தை விரட்டுகிறது என்று யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். நேற்றுவரை ஊருக்கே பெருமை, இன்றைக்கு ஊருக்கே வறட்சி. நடுவில் அவர் செய்த ஒரே காரியம் கூடுதலாக இரண்டு சருகு தின்றது.

தவத்தைக் கலைத்தாக வேண்டும் என்று ராஜா முடிவு செய்தார். கோயிலில் நடனமாடும் பெண்ணை அனுப்பினார். ஆரோவில் பக்கம் சொல்லும் கதையில் அவள் பெயர் வள்ளி. இது அரசாங்கத் திட்டம் என்பதை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அரசரின் உத்தரவு, கஜானா செலவு, பொதுமக்கள் நலன் எல்லாம் இதில் உண்டு. சித்தரின் சொந்த யோசனை என்று இதில் எதுவுமே கிடையாது.

வள்ளி கெட்டிக்காரி. விசுவாமித்திரரிடம் மேனகை காட்டிய வித்தையெல்லாம் இவள் காட்டவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, சருகுக்காக நீளும் அந்தக் கையைக் கவனித்தாள். அடுத்த தடவை கை நீண்டபோது அதில் ஓர் அப்பளத்தை வைத்தாள். தேவலோகத்துக்கே தோன்றாத யோசனை. காலமெல்லாம் அரசஞ்சருகு தின்ற நாக்கில், உப்பும் உளுந்துமாக ஒரு சருகு நொறுங்கினால் என்ன ஆகும்? மனிதர் கண்ணைத் திறந்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணப் பந்தியில் இரண்டாவது அப்பளம் வருகிற திசையை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள்தானே நாமெல்லாம்?

தவம் கலைந்தது, மழை கொட்டியது, ஏரி நிரம்பியது. சித்தர் அவளுடனேயே தங்கிவிட்டார் என்றும், குழந்தை பிறந்தது என்றும் சொல்வோர் உண்டு. திட்டம் முழு வெற்றி. இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாரும் சுகம்.

கோயிலில் திருவிழா வந்தது. சாமி முன்னால் வள்ளி ஆடுகிறாள். சித்தரும் கூட்டத்தோடு நிற்கிறார். ஆட்டத்தின் நடுவே அவள் காற்சிலம்பு ஒன்று கழன்று விழுகிறது. தாளம் தப்பப் பார்க்கிறது. சாமி காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று சித்தர் குனிந்து, அதை எடுத்து, அவள் காலிலேயே மாட்டிவிட்டார்.

சிரித்தார்கள் பாருங்கள். எந்தக் கூட்டம்? யாருடைய வயல் நனைய வேண்டும் என்று அவரை எழுப்பினார்களோ, அதே கூட்டம். "டேய், சித்தரு பொம்பள காலப் புடிக்கறாருடா!" "இதுக்கா இம்மாம் வருசம் கண்ண மூடிக்கினு இருந்தாரு?" கழனியில் அப்போதுதான் நாற்று நட்டுவிட்டு வந்திருப்பார்கள். காலில் சேறு காய்ந்துகூட இருக்காது.

இந்த இடத்தில் சித்தரின் பழைய பாட்டு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறது. பாவம் செய்யாதே என்று மனத்துக்குப் புத்தி சொல்லும் புகழ்பெற்ற பாடல் கடுவெளியார் பெயரில்தான் இருக்கிறது. சாபம் விடலாமா, கோபப்படலாமா, ஆசைக்கு இடம் கொடுக்கலாமா என்று அதில் வரிசையாகக் கேட்கிறார். குயவனைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பானையை ஆட்டம் போட்டே உடைத்த ஆண்டியைப் பாடியவரும் இவரே. அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? ஆசைக்கு ஏற்கெனவே இடம் கொடுத்தாயிற்று. ஊர் சிரித்ததும் கோபப்பட்டார். பிறகு ஒரு பாட்டைப் பாடிச் சாபமும் விட்டார். கூடாது என்று பாடிய மூன்றும் பைசல். பாட்டில் எழுதியபடி நடக்கவில்லையே என்று அவரை மடக்குவது சுலபம். கோபமே வராத மனிதன் கோபத்தைப் பற்றி எதற்காகப் பாட்டு எழுதுவான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவர் பாடி முடிக்க, கருவறையில் லிங்கம் வெடித்தது. ஒரு துண்டு பறந்துபோய் விழுந்த இடம் கடுவெளி என்றும், அங்கே புல் பூண்டு முளைக்காது என்றும் சொல்கிறார்கள். ராஜா ஓடி வந்து காலில் விழுந்தார். சித்தர் மனமிரங்கி மறுபடி பாட, லிங்கம் ஒன்று சேர்ந்தது. தகடு போட்டுக் கட்டினார்கள். கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி: சித்தருக்குப் பெயர் இருக்கிறது, அவர் பெயரில் ஊர் இருக்கிறது, நடனமாடியவளுக்குக்கூட ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. திட்டம் தீட்டி, ஆள் அனுப்பி, பலனை அனுபவித்த ராஜாவின் பெயர் மட்டும் கதையில் காணோம். அந்தக் காலத்திலேயே கோப்புகளைச் சரியாகத்தான் பராமரித்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வானூர் வட்டத்து ஜனங்களுக்குக் கோணல் புதிதல்ல. இதே வட்டத்தில் திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் ராஜகோபுரம், நந்தி, கொடிமரம், கருவறை எதுவும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே வக்ரகாளியம்மனைக் கும்பிடக் கூட்டம் நெரிகிறது. ஒரு கோபுரம் கொஞ்சம் விலகி நின்றால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், ஒரு மனிதர் கொஞ்சம் குனிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். கடைசிவரை வழுவாத ஒன்றுதான் வேண்டுமென்றால் அதே திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளாக அந்த மரங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

குனிந்ததுதான் குற்றமென்றால், குனியாத ஒருவரைக் கொடுத்துப் பார்ப்போம் என்று காலமும் நினைத்திருக்க வேண்டும். 1895-ல் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ராமசாமி ரெட்டியார் பிறந்தார். விவசாயி, வள்ளலார் பக்தர், காந்தியவாதி. 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பட்டம். ஆலய நுழைவுச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுக்க மதுவிலக்கு என்று இரண்டே வருடத்தில் இறக்கிய சுமை கொஞ்சமல்ல. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் அவர் ஆட்சியில், 1947-ல்தான் வந்தது. அதற்குப் பின்னால் முத்துலட்சுமி ரெட்டியின் பல வருடப் போராட்டம் இருந்தது. ராஜா போகச் சொன்னதால் போய், ஆடச் சொன்னதால் ஆடி, சிலம்பு கழன்றதால் ஊர்ச் சிரிப்பில் பாதியை வாங்கிக்கொண்ட வள்ளியின் பக்கத்திலிருந்து யோசிக்க, அந்த வட்டாரத்துக்கு அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஓமந்தூரார் அப்பளம் வைத்தாலும் கண் திறக்காத ஆள். அங்கேதான் வந்தது வினை. கட்சிக்காரர்கள் சிபாரிசோடு வருவார்கள். வந்த வழியே போவார்கள். மச்சானுக்கு ஒரு வேலை, மாமனுக்கு ஒரு பெர்மிட், சம்பந்திக்கு ஓர் இடமாற்றம் என்று ஒன்றும் நடக்கவில்லை. உத்தமர் வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசியவர்களுக்கு, அந்த உத்தமரோடு ஒரே கோட்டையில் இரண்டு வருடம் குப்பை கொட்டுவது பெரும் அவஸ்தையாகப் போயிற்று. 1949 ஏப்ரலில் அவர் நாற்காலியில் குமாரசாமி ராஜா உட்கார்ந்தார். ஓமந்தூரார் மல்லுக்கட்டவில்லை. வடலூருக்குப் போய்ப் பள்ளிக்கூடம், சன்மார்க்கம் என்று இருந்து, 1970-ல் காலமானார். அவர் இருந்தபோது சிபாரிசு கிடைக்காமல் திரும்பினார்கள். இப்போது சென்னையில் ஓமந்தூரார் பெயரால் அழைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கச் சிபாரிசு தேடுகிறார்கள்.

வழுக்கினால் சிரிப்பு, வழுக்காவிட்டால் வெளியேற்றம். சரி, வழுக்குவதுபோல் நடித்தால்?

அதற்கும் இதே சாலையில் பதில் இருக்கிறது. திண்டிவனம் அருகே தைலாபுரம் தோட்டம், பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் டாக்டர் ராமதாஸின் வீடு. 2002 ஆகஸ்ட் 15 அன்று ரஜினிகாந்தின் 'பாபா' வெளியானது. படத்தில் ரஜினி புகைப்பதும் குடிப்பதும் இளைஞர்களைக் கெடுக்கிறது என்று டாக்டர் கண்டித்தார். தொண்டர்கள் கண்டிப்பதோடு நிறுத்தவில்லை. வட மாவட்டங்களில் தியேட்டர் முன்னால் கலாட்டா, சில இடங்களில் படப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்த நாளிலிருந்தே ரஜினியைப் பார்த்துக் கண்ணாடி முன்னால் உதடு சுட்டுக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு என்பதால் டாக்டரின் கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வேடிக்கை என்னவென்றால், 'பாபா' கடுவெளியார் கதையைத் தலைகீழாகத் திருப்பியது. ஊதிக்கொண்டும் குடித்துக்கொண்டும் திரிந்த நாத்திகன், மகா அவதார் பாபாஜியிடம் மந்திரம் வாங்கி ஆன்மிகத்துக்குத் திரும்புகிறான். அவன் திருந்துகிற ரீல் வருவதற்குள் பெட்டி போய்விட்டது.

படமும் ஓடவில்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் பா.ம.க.வை எதிர்த்து வேலை செய்யுங்கள் என்று ரஜினி ரசிகர்களிடம் சொன்னார். பா.ம.க. நின்ற 6 தொகுதியிலும் ஜெயித்தது. ரஜினியைப் பார்த்துச் சிகரெட் பிடிக்கக் கற்ற ஊர், ரஜினி சொல்லி ஓட்டை மாற்றிப் போடவில்லை. இதையாவது பார்த்துவிட்டு, ஒரு நடிகரைப் பார்த்து ஊரே கெட்டுப்போகும் என்ற பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம். குறைக்கவில்லை. டாக்டரின் மகன் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரானதும் திரையில் புகைக்காதீர்கள் என்று அமிதாப், ஷாருக் வரைக்கும் வேண்டுகோள் போயிற்று. 2005-ல் 'சந்திரமுகி' வந்தபோது ரஜினி கையில் சிகரெட் இல்லை. ரஜினியைப் பார்த்துப் பழகினேன் என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரஜினியைப் பார்த்து விட்டுவிட்டேன் என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

சித்தரின் சாபத்தில் ஒரு வால் பாக்கி இருக்கிறது. இந்த மண் பொட்டலாகவே கிடக்கும், தூர தேசத்து மனிதர்கள் வந்துதான் மறுபடி பசுமையாக்குவார்கள் என்று அவர் சொன்னாராம். செம்மண் மேடு, மழைநீர் அறுத்த பள்ளங்கள், நிழலுக்கு ஒரு பனையும் ஓர் ஆலமரமும் என்று கிடந்த இடத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். ஆரோவில் பிறந்தது. வந்த வெள்ளைக்காரர்கள் கரை கட்டினார்கள், குழி வெட்டினார்கள், லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். பக்கத்து ஊர் ஆட்கள் கூடவே மண் சுமந்தார்கள். சாபம் தீர்ந்தது என்று ஆரோவில்காரர்களே இந்தக் கதையை ஆசையாகச் சொல்வார்கள். கதையில் தங்களுக்கு நல்ல வேஷம் கிடைத்தால் யார்தான் சொல்ல மாட்டார்கள்?

மரம் வளர்ந்தது, அதோடு அவர்கள் மேல் எதிர்பார்ப்பும் வளர்ந்தது. மனித ஒற்றுமைக்கான நகரம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் மாமியார் மருமகள்போல் சண்டை போடலாமா? போட்டார்கள். 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தின் வட்டச் சாலைக்காக மரங்களை வெட்ட இயந்திரம் வந்தது. வெட்டக் கூடாது என்று ஒரு கோஷ்டி குறுக்கே நின்றது, ஆரோவிலை நிறுவிய அன்னை சொன்ன நகரத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்று இன்னொரு கோஷ்டி. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போய், உச்ச நீதிமன்றமும் ஏறியது. வார இறுதியில் அங்குள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரின் தங்க உருண்டையைப் பார்த்து செல்ஃபி எடுக்க வருகிற நம் ஆட்களுக்கு இதைக் கேட்டால் ஒரே குஷி. "இன்னாபா, தியானம் பண்றவங்க கோர்ட்டுக்குப் போறாங்க?" என்று இளநீர்க் கடையில் சிரிக்கிறார்கள். சிரிப்பவர் நிற்கும் நிழல் அந்தத் தியானக்காரர்கள் நட்ட மரத்துடையது. வழக்குக்கு உதவுமா என்று சித்தரின் வாக்கைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து மரம் நடுவார்கள் என்பது வரைக்கும்தான் அதில் இருக்கிறது. சாலை போடுவதைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.