ஹெவிக்காரர்

கல்யாண வேனின் டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். முகூர்த்தம் நெருங்கும். "சாவியைக் குடுங்க, நான் எடுக்கறேன்" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வருவார். மாப்பிள்ளையின் அப்பா தயங்கினால் அதற்கும் பதில் தயாராக இருக்கும்: "மாமா, நம்மளுது ஹெவி!"

ஹெவிக்காரர், அதாவது கனரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், ஊருக்கு நாலு பேர் உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் தெருவுக்கு நாலு பேர். ஒரு காலத்தில் லாரி ஓட்டியிருப்பார். இல்லாவிட்டால், போக்குவரத்துக் கழகத்தில் ஆள் எடுப்பார்கள் என்று லைசென்ஸ் எடுத்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்தபடியே மளிகைக் கடை வைத்திருப்பார். இப்போது அவர் கையில் இருப்பது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். அதனால் என்ன? எம்.ஏ. படித்தவர் தினமும் பரீட்சையா எழுதுகிறார்?

அவர் கணக்கில் மனித குலம் லைசென்ஸால் பிரிந்து கிடக்கிறது. அடிமட்டத்தில் கியர் இல்லாத வண்டி. அதற்கு மேலே கியர் பைக். அதற்கும் மேலே எல்.எம்.வி. என்கிற கார் லைசென்ஸ்; இன்ஜினியர், பேங்க் மேனேஜர், சொந்த மருமகன் எல்லாரும் இந்தக் கும்பலில் அடக்கம். உச்சியில் ஹெவி. பெண் பார்க்க வந்த பையனிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "தம்பிக்கு என்ன லைசென்சு?" என்று கேட்டவரை எனக்குத் தெரியும்.

உண்மையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 10-ஆவது பிரிவில் 'ஹெவி' என்று தனி வகுப்பே இன்று கிடையாது. 1988-இல் சட்டம் வந்தபோது நடுத்தரம், கனரகம், சரக்கு, பயணி என்று தனித்தனியாகத்தான் வைத்திருந்தார்கள். 1994 திருத்தம் எல்லாவற்றையும் 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

சட்டம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "இருவது வயசு ரொம்பணும். எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் முடியணும். அப்புறந்தான் இதுக்கு எல்.எல்.ஆரே போட முடியும். எட்டாங்கிளாஸ் பாஸ் வேற வேணும்" என்று விரல் விட்டு எண்ணுவார். கடைசி விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு விதியை மத்திய அரசு 2019-இல் எடுத்துவிட்டது. அன்றிலிருந்து நாட்டில் கல்வித் தரம் சரிந்துவிட்டதாக அவர் சொல்லிவருகிறார்.

அதைவிடப் பெரிய அடி டெல்லியிலிருந்து வந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "மூணு ஜட்ஜுதானே சொல்லியிருக்காங்க, பாக்கலாம்" என்று ஒதுக்கினார். 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அதையே உறுதி செய்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் டாட்டா ஏஸில் தக்காளி ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் ஹெவிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். "பெட்ரோல் டேங்கரைத் தொடச் சொல்லு பாக்கலாம்! அதுக்கு மூணு நாள் வகுப்பு இருக்குது, லைசென்சுல தனியாப் பதியணும்" என்பார். "நீங்க போனீங்களாண்ணா அந்த வகுப்புக்கு?" என்றால், "போறதாத்தான் இருந்தேன்."

இப்படிப்பட்டவர் வாய் திறக்காத மாதம் ஒன்று உண்டு. அவருடைய லைசென்ஸ் அட்டையில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கும். சொந்த வண்டிக்கு ஒன்று, போக்குவரத்து வாகனத்துக்கு ஒன்று. இரண்டாவது தேதி முன்பு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. வரும்போது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழையும் கேட்கும். கார்க்காரர்களுக்கு நாற்பது வயது வரை இந்தத் தொல்லை இல்லை, 'நான் நலம்' என்று தாங்களே எழுதிக் கொடுத்தால் போதும். ஹெவிக்காரர் முதல் நாளிலிருந்தே டாக்டர் முன்னால் நின்றாக வேண்டும். தன்னுடைய பெருமைகளில் இதை மட்டும் அவர் சேர்ப்பதில்லை.

காரணம் கண். கிட்டத்தில் வைத்தால்தான் பேப்பர் தெரிகிறது. கண்ணாடி போட்டால் ஹெவிக்கு என்ன மரியாதை? ஆகவே போன தடவை பார்த்த எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துவிட்டார். கிளினிக்கில் ஒரு கண்ணைப் பொத்தியதும் கடகடவென்று ஆரம்பித்தார்: "ஈ, எஃப், பி, டி, ஓ, இசட்…"

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கு மாட்டியிருக்கறது தமிழ் போர்டு."

ஹெவிக்காரர் கழுத்தை நீட்டினார். நெற்றியைச் சுருக்கினார். "ப" என்றார்.

"அது ட-ங்க."

"வலது பக்கக் கோடு கொஞ்சம் அழிஞ்சிருக்குதுங்க, டாக்டர்."

மற்றக் கேள்விகளில் கெத்து திரும்பிவிட்டது. வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா? இல்லை, இல்லை. மாலைக்கண்? "என்ற சர்வீஸே நைட்டு ஓட்டுனதுதானுங்க." சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியுமா? "ஏனுங்க தெரியாம? சிக்னல்ல மேல எரியறது சிவப்பு." டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுப் புள்ளிகள் நிறைந்த நிறச்சோதனைப் புத்தகத்தை எடுத்தார். (லேசான, நடுத்தர நிறக்குறைபாடு இருப்பவர்களுக்கு 2020-இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அதையும் யாராவது சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்?)

எல்லா இடத்திலும் இப்படிப்பட்ட டாக்டரம்மா கிடைக்க மாட்டார். படிவமும் போட்டோவும் மட்டும் போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும் கிளினிக்குகள் உண்டு. அங்கே சோதனைக்கு ஆளாவது போட்டோதான். 'வலது கன்னத்தில் மச்சம்' என்ற அடையாளம்கூட ஆளைப் பார்க்காமல் எழுதப்பட்டிருக்கும். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவர் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை என்பதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிஜமாகவே லாரி ஓட்டிப் பிழைப்பவர் கண்ணாடியை மறைப்பதற்காவது நியாயம் சொல்லலாம். ஓனர் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்ற பயம் அது. நம்முடைய ஹெவிக்காரருக்கு ஓனரே கிடையாது. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று டிரைவர்களுக்கு இலவசக் கண் முகாம் நடத்துவார்கள். அங்கேயும் போவார், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போடுவார், அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஹெவிக்காரர் இருந்தால், அவரை நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிறுத்தி, எதிரே நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். படிவம் கேட்கும் தூரம் அவ்வளவுதான். திணறினால் சண்டை போடாமல் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். லைசென்ஸ் போய்விடும் என்று முறைப்பார். பார்வைக் குறை இருந்தால் அது தகுந்த கண்ணாடியால் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்றுதான் படிவம் 1ஏ கேட்கிறது. சட்டத்தை வரி வரியாகச் சொல்லும் மனிதர் அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் படிக்கவில்லை. அதற்கும் கண்ணாடி வேண்டும்.