டிஸ்ட்ரோவைக் கொண்டு பிராயம் அறிதல்: ஓர் ஆராய்ச்சி

ஒருவருடைய பிராயத்தை அறிவதற்கு நம்முடைய தருக்க நூலார் வகுத்துவைத்த பிரமாணங்களுள் மூன்று பயன்படக் கூடும்: கண்ணால் கண்டு துணியும் பிரத்தியட்சம், உரியவர் சொல்லக் கேட்டு நம்பும் ஆகமம், அடையாளத்தைக் கொண்டு ஊகிக்கும் அனுமானம் என்பன அவை. இவற்றுள் முதலாவதைப் பிரிட்டன் சுவீகரித்துக்கொண்டது. அந்நாட்டின் 2023ஆம் வருஷத்து ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி, வயதுவந்தோருக்கு மட்டுமே உரிய தளங்களுக்குள் புகுவோர், 2025 ஜூலை 25 முதல், காமிராவின் முன்னே திருமுகத்தைக் காட்டியோ கிரெடிட் கார்டு முதலியவற்றைச் சான்றாக வைத்தோ தாம் பாலர் அல்லர் என்பதை நிலைநாட்ட வேண்டியவர்களாகிவிட்டனர். இரண்டாவது பிரமாணம் கலிபோர்னியாவின் பங்குக்கு வந்தது. சட்டமன்ற உறுப்பினர் பஃபி விக்ஸ் கொண்டுவந்து, 2025 அக்டோபர் 13 அன்று கவர்னர் கேவின் நியூசம் ஒப்பமிட்ட டிஜிட்டல் வயது உறுதிச் சட்டமானது, 2027 ஜனவரி 1 முதற்கொண்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழங்குவோர் யாவரும் கணக்குத் தொடங்கும் தறுவாயிலேயே பிறந்த தேதியையோ வயதையோ கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னர் ஆப்கள் வந்து விசாரிக்கும்போது இன்ன பிரிவைச் சேர்ந்தவர் என்று மட்டும் ஒரு சைகை காட்ட வேண்டும் என்று விதிக்கிறது. சான்று எதையும் அது கேட்பதில்லை. சொன்ன சொல்லை அப்படியே நம்புகிறது. அரசியல்வாதிகள் பிறர் வாய்ச்சொல்லில் இவ்வளவு விசுவாசம் வைத்த வேறொரு சந்தர்ப்பம் எமக்கு நினைவில்லை. மூன்றாவதாகிய அனுமானமோ எந்தச் சட்டமன்றத்தின் கடைக்கண்ணும் படாமல் அநாதரவாகக் கிடக்கிறது. அதற்கு ஓர் ஆதரவு தேடித் தருவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். இங்கே அடையாளமாக யாம் கொள்வது டிஸ்ட்ரோ, அதாவது டெபியன், ஆர்ச் என்று பல பெயரில் வழங்கும் லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வடிவம்.

மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவதைப்போல, மேசையிலே டெபியனைக் கண்டு அங்கே மூட்டுவலி உண்டென்று துணியலாம் என்பது எமது பட்சம்.

இதை விரித்துரைக்குமுன், சட்டம் செய்துள்ள பருவப் பாகுபாட்டின் குறையை ஒரு வார்த்தை சொல்லிவிடுவது உசிதம். பதின்மூன்றுக்கு உட்பட்டோர், பதின்மூன்று முதல் பதினாறு நிரம்பாதோர், பதினாறு முதல் பதினெட்டு நிரம்பாதோர், பதினெட்டும் அதற்கு மேலும் என நான்கே கூறாக அது மானிட ஆயுளை அறுத்துப்போடுகிறது. பேதை, பெதும்பை என்று தொடங்கிப் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களை வகுத்துக் காட்டிய நம் பாட்டியல் நூலார் இதைக் கண்டால் நகைப்பார்கள். கல்லூரியில் நேற்றுச் சேர்ந்தவனும் பேரன் பேத்தி எடுத்துப் பென்ஷன் வாங்குகிற கிழவனாரும் இச்சட்டத்தின் கண்ணுக்கு ஒரே பருவத்தினர். டிஸ்ட்ரோவோ அவ்விருவரையும் நொடிப்பொழுதில் பிரித்துக் காட்டிவிடும்.

எங்ஙனமெனில், 2002இல் ஜட் வினெட் என்பவரால் தோற்றுவிக்கப்பட்ட ஆர்ச் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். 2021இல் இன்ஸ்டால் செய்வதற்கென்று ஒரு சிறு துணைநிரல் உடன் சேர்க்கப்படும் வரையில் பல வருஷ காலம், டிஸ்க்கைப் பிரிப்பது முதல் பூட்லோடரை அமைப்பது ஈறாக ஒவ்வொரு காரியத்தையும் கட்டளை கட்டளையாகக் கையால் அடித்தே அதை நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் துணைநிரலைப் பயன்படுத்துவதை இன்றும் கௌரவக் குறைவாகக் கருதுவோர் உளர். ஆர்ச்சுக்குப் பதிப்பு என்பதே கிடையாது; அப்டேட்டுகள் ஓயாது வந்துகொண்டே இருக்கும். ஓர் இரவில் அப்டேட் போட்டு, மறுநாட் காலை திரை கறுத்துக் கிடக்கக் கண்டு, துயருறுவதற்குப் பதிலாக அகமகிழ்ந்து, இரண்டாவது கணினியில் விக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நண்பகல் வரையில் பழுது பார்க்கிற மனிதர், விவாகமாகாதவராகவும் காலை எட்டு மணிக்குப் பள்ளி வேனைப் பிடிக்கவேண்டிய பொறுப்பு இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். தவிரவும், தாம் ஆர்ச் வைத்திருப்பதை எவரும் கேளாமலே சொல்லிக்கொள்வது இப்பருவத்தின் தலையாய இலட்சணம். ஆகவே இருபது முதல் இருபத்தெட்டு என்று தயக்கமின்றி எழுதிக்கொள்ளலாம்.

ஜென்டூவின் விஷயத்தில் சற்று நுட்பம் தேவை. மென்பொருள்களை மூலநிரலிலிருந்து தம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்வது அதன் சம்பிரதாயம். ஒரு பிரவுசரைக் கம்பைல் செய்யக் கட்டளையிட்டுவிட்டு நீராடி, உண்டு, உறங்கி எழுந்து வருவதும் உண்டு. காலத்தை இங்ஙனம் தாராளமாகச் செலவழிக்கக்கூடியவர் ஒன்று மாணாக்கராக இருக்கவேண்டும், அன்றேல் ஓய்வுபெற்றவராக இருக்கவேண்டும். இடைப்பட்ட பிராயத்தினர் மிண்ட்டில் இருப்பார்கள். மிண்ட் கிருகஸ்தாசிரமத்துக்கு உரியது. பிரின்ட்டர் வேலை செய்கிறதா என்பதற்கு மேல் அவர்களுக்கு வேறு தத்துவ விசாரம் இல்லை. 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்டு இன்றளவும் உயிரோடிருக்கும் ஸ்லாக்வேர், ஒரு பாக்கேஜுக்குத் துணையாக வேறு எவை வேண்டும் என்று தானாக ஆராய்ந்து தராமல் அந்தப் பொறுப்பை உரியவரிடமே விட்டுவிடுவது. அதைப் பற்றியிருப்பவர் வானப்பிரஸ்தர் என்பதில் ஐயமில்லை. டெபியன் ஸ்டேபிளோ, ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வெளிவந்து, வந்தபின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மாறாதிருக்கும் பெருமை வாய்ந்தது. புதிதாக எதுவும் நிகழாதிருப்பதையே பெரும்பேறாகக் கருதும் பக்குவம் நாற்பதுக்கு முன் வருவதில்லை.

இங்கே பூர்வபட்சம் ஒன்று எழும். அடையாளத்தைக் கொண்டு ஊகிப்பதாயின், பெயரும் ஓர் அடையாளமன்றோ. பெயரைப் பார்த்து ஊகித்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே, விளைவுதான் விபரீதம். டெபியனின் பதிப்புகள் 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ என்னும் சினிமாவிலும் அதன் தொடர்ச்சிகளிலும் வரும் பொம்மைகள் முதலிய பாத்திரங்களின் பெயரைச் சூடியவை; இவ்வாறு பெயரிடத் தொடங்கிய காலத்தில் அத்திட்டத்தை நடத்திவந்த புரூஸ் பெரன்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரிலேயே உத்தியோகம் பார்த்தவர். 2023 ஜூனில் வந்தது புத்தகப்புழுப் பொம்மையாகிய புக்வோர்ம். 2025 ஆகஸ்டில் வந்தது முக்கொம்பு டைனோசராகிய டிரிக்ஸி. என்றும் ஸ்திரமடையாத மேம்பாட்டுக் கிளைக்கோ பொம்மைகளைப் பிய்த்தெறியும் அண்டைவீட்டுத் துஷ்டச் சிறுவன் சிட்டின் நாமதேயம். உபுண்டுவைப் பார்த்தாலோ, ஒரு குணச்சொல்லையும் ஒரு பிராணியையும் ஒரே எழுத்தில் தொடங்குமாறு இணைத்து, ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கிக்கொண்டுபோய், 2017இல் இஸட் வந்ததும் மீண்டும் ஏயில் தொடங்கியிருக்கிறார்கள். குழந்தைகளின் அரிச்சுவடி வேறெப்படி இருக்கும்? 2009இல் ஹன்னா மொன்டானா என்னும் தொலைக்காட்சிச் சிறுமியின் படத்தையும் இளஞ்சிவப்பு வண்ணத்தையும் பூசி ஒரு லினக்ஸ் வெளிவந்ததும் சரித்திரம். பெயரை நம்பிப் பரிசோதனைக்குப் புறப்படும் அதிகாரி, வங்கி சர்வர்களின் அறைக்குள் நுழைந்து, டிரிக்ஸி என்று எழுதியிருக்கக் கண்டு, நரைத்த தாடிக்காரர் அனைவரையும் பாலர் வகுப்புக்கு அனுப்பிவிடக்கூடும். ஆகவே பெயர் ஹேத்வாபாசம், அதாவது ஹேதுவைப்போல் தோன்றி ஏமாற்றுவது எனத் தள்ளுக.

இனிக் கலிபோர்னியாவின் ஆகமப் பிரமாணம் லினக்ஸ் உலகில் எவ்வாறு செல்லுபடியாகும் என்பதையும் பட்சபாதமின்றி ஆராய்வோம். டெபியனில் ஒருவருக்குக் கணக்குத் தொடங்க ‘ஆட்யூசர்’ என்று ஒரு கட்டளை உண்டு. அது பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டதும் முழுப்பெயர் என்ன, அறை எண் என்ன, அலுவலகத் தொலைபேசி எண் என்ன, வீட்டுத் தொலைபேசி எண் என்ன, மற்றவை என்ன என்று ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்கும். அறை எண் எதற்கு என்று வியப்போருக்கு விடை: யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வுக்கூடத்தில், அச்சிடுதல் முதலிய ஊழியங்களைச் செய்துவந்த வேறொரு கணினியில் ஒருவருக்குள்ள அடையாளத்தைக் குறித்துவைப்பதற்காகக் கணக்குப் புத்தகத்திலே ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது, அந்த ஊழியம் ஒழிந்த பிறகும் கட்டம் ஒழியவில்லை, ஒழியாத கட்டத்தில் எதையாவது இட்டு நிரப்ப வேண்டுமல்லவா? இந்தக் கேள்விகளுக்கு லினக்ஸ் அன்பர்கள் பரம்பரை பரம்பரையாக அளித்துவரும் விடை ஒன்றே ஒன்றுதான்: என்டர் விசை. பெயருக்கு என்டர், அறைக்கு என்டர், தொலைபேசிகளுக்கு என்டர், மற்றவைக்கும் என்டர். தம்மிடம் அறையே இல்லை என்றுகூட ஒருவரும் எழுதிவைத்ததில்லை. ஆறாவது கேள்வியாகப் பிறந்த தேதி வந்து நின்றால் அதற்கு மட்டும் விரல் வேறு எங்கே போகும்?

அங்ஙனம் வெறுமையாக விடப்பட்ட கட்டத்தைக் கவனக்குறைவான ஒரு நிரல் சூனியமென்று வாசித்துவிடுமானால் சுவாரசியமான ஒரு பலன் விளையும். யூனிக்ஸ் மரபில் காலம் என்பது 1970 ஜனவரி 1 அன்று தொடங்குவது; அதிலிருந்து எத்தனை விநாடி என்பதே கணினி அறிந்த காலக்கணக்கு. சூனியம் என்றால் அந்தத் தினமே ஜன்மதினம். சட்டம் அமலுக்கு வருவதும் ஒரு ஜனவரி 1. ஆகவே 2027இன் புத்தாண்டு தினத்தில் கலிபோர்னியாவின் லினக்ஸ் அன்பர்கள் அனைவருக்கும் ஏககாலத்தில் 57 வயது பூர்த்தியாகும். இன்னும் மூன்று வருஷம் பொறுத்தால் மாகாணம் முழுவதற்கும் ஒரே பந்தலில் சஷ்டியப்தபூர்த்தி நடத்திவிடலாம்.

இதிலும் ஒருவர் சேரமாட்டார். லினக்ஸைப் படைத்த லினஸ் டார்வால்ட்ஸ் பிறந்தது 1969 டிசம்பர் 28. அதாவது காலம் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னதாக. தம்முடைய கெர்னலின் கடிகாரத்திலேயே அவருடைய ஜனனம் ஏறத்தாழ மூன்றரை லட்சம் விநாடி குறையெண்ணாக நிற்கும். பதி, பசு, பாசம் என்னும் மூன்றுமே அநாதி என்று கூறும் சைவ சித்தாந்திகள், நாலாவதாக ஒரு பின்லாந்துக்காரருக்கும் இடம் ஒதுக்குவார்களா என்பது எமது வரம்புக்கு அப்பாற்பட்ட பிரச்சினை.

வழங்குவோர் யார் என்ற கேள்வியும் இலேசானதன்று. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்குபவரும் கட்டுப்படுத்துபவரும் வழங்குவோராவர் என்பது சட்டம். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராச்’ என்னும் நூலைப் படித்து, ஆதி முதல் அந்தம் வரை தாமே கம்பைல் செய்து தமக்கென ஒன்றை ஆக்கிக்கொள்பவர், இதன்படி தாமே வழங்குவோராகித் தம்மிடமே தம் வயதைக் கேட்டு, தாம் சொன்னதைத் தாமே நம்ப வேண்டும். அசட்டையாக இருந்துவிட்டால் பாதிக்கப்படும் பாலர் ஒருவருக்கு 2,500 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்தால் 7,500 டாலர் வரையும் அபராதம் உண்டு. நல்லவேளையாக, இக்காரியத்தை முடிக்கும் பொறுமையுள்ள பாலர் அநேகர் இல்லை.

சட்டத்தின் வரையறைப் பகுதியில் இன்னும் ஓர் இரத்தினம் உண்டு. ஒப்பமிடப்பட்ட வடிவில், கணக்குதாரர் என்பவர் பதினெட்டு நிரம்பியவர் அல்லது பாலரின் பெற்றோர், காப்பாளர். பயனாளர் என்பவரோ அக்கருவியை முதன்மையாகப் பயன்படுத்தும் பாலர். பயனாளர் அனைவரும் பாலரே என்று ஒரு சட்டமன்றம் துணிந்து எழுதியதைக் கண்டு, லினக்ஸ் அன்பர்களின் மனைவிமார் தாம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது ராஜமுத்திரை பெற்றுவிட்டதாகக் கருதுவர்.

ஆயினும் லினக்ஸ் உள்ள இல்லங்களில் நடைமுறை தலைகீழாக இருக்கிறது. கவர்னர் ஒப்பமிட்டதற்கு மறுநாள், 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிந்தது. சான் ஹோசேயில் ஒரு தந்தையின் பழைய லேப்டாப் அதனால் அநாதையாக, பதினான்கு வயதுப் பையன் பென் டிரைவைச் செருகி மிண்ட்டைப் போட்டுத் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இடையில் ‘நீங்கள் யார்’ என்று ஒரு திரை வந்து பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. கணக்கைத் தொடங்குகிறவன் பாலன். பயன்படுத்தப் போகிறவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், “எதையாவது போடப்பா” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதோடு தம் பங்கை முடித்துக்கொள்பவர். சட்டப்படி அவன் கணக்குதாரனாக இயலாது. இவர் பயனாளராக இயலாது. அட்டர்னி ஜெனரலே நேரில் வந்தாலும் திகைத்து நிற்க வேண்டியதுதான். எமது அனுமானப் பிரமாணமோ அவ்வீட்டிலுள்ள இரண்டு லேப்டாப்களையும் திறந்து பார்த்த மாத்திரத்தில், மிண்ட் உள்ளது தகப்பனாருடையது, ஆர்ச் உள்ளது மைந்தனுடையது என்று தீர்ப்புச் சொல்லிவிடும். மேலே ஆர்ச்சுக்கு யாம் வகுத்த பிராயம் ஆறு வருஷம் பிசகுகிறதே என்பாருக்கு, இக்காலத்துப் பிள்ளைகள் சற்று முந்திக்கொள்கிறார்கள் என்பது சமாதானம். இரண்டுக்கும் பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.