மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

இந்த வாரத் தபாலில் ஒரு தடித்த உறை. உள்ளே பதினோரு கேள்விகள், எல்லாம் இசை பற்றி. அனுப்பியவர்கள் இடத்தில் 'கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்' என்று மட்டும் இருந்தது. ஊர்ப் பெயரை எழுதியதும் உறையில் இடம் தீர்ந்துவிட்டது போலும்!

எங்கள் ஊர்ப் பெயர் ரொம்ப நீளம் என்று எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். இசையிலாவது அதற்கு ஏதாவது மரியாதை உண்டா?

உண்டு. அசை பிரித்துச் சொல்லுங்கள்: கொண்-டப்-ப-நா-யக்-கன்-பட்-டி. எட்டு! 'கொண்' என்று தொடையில் ஒரு தட்டு. 'டப்' சுண்டுவிரல், 'ப' மோதிர விரல், 'நா' நடுவிரல். 'யக்' தட்டு, 'கன்' திருப்பு. 'பட்' தட்டு, 'டி' திருப்பு. ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் முடிந்தது. கிண்டல் செய்யும் சென்னைக்காரரை அவர் ஊர்ப் பெயரில் தாளம் போடச் சொல்லுங்கள். இரண்டாவது எண்ணிக்கையிலேயே ஊர் தீர்ந்துவிடும்.

பாட்டு வாத்தியார் எனக்கு 'ஒன்றரைக் கட்டை' என்கிறார். கட்டையில் ஏது அரை?

ஆர்மோனியத்தைப் பாருங்கள். வெள்ளைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. மேற்கத்தியர் 'சி' என்பது நமக்கு ஒரு கட்டை, அதை ஒட்டிய கறுப்பு ஒன்றரை, 'டி' இரண்டு. இப்படியே போய் 'பி'யில் ஏழு. வெள்ளை ஏழு, கறுப்பு ஐந்து, ஆகப் பன்னிரண்டு. உங்கள் 'ச' எதில் உட்காருகிறதோ அதுவே உங்கள் சுருதி. யாராவது 'நான் மூன்றரைக் கட்டையில் பாடுவேன்' என்று மார்தட்டினால் டிக்கெட் வாங்காதீர்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது.

'ச ரி க ம'வைப் பார்த்துத்தான் 'டோ ரே மி' வந்ததா?

இல்லை. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கீதோ என்றொரு துறவி இருந்தார். பாடகர் குழுவுக்குச் சுரம் மனதில் நிற்க வேண்டுமே என்று, ஒரு லத்தீன் துதிப் பாடலின் அடிகளிலிருந்து முதல் அசைகளைக் கிள்ளி எடுத்துப் பெயர் வைத்தார். முதல் சுரம் அப்போது 'உத்', பிற்பாடுதான் 'டோ' ஆனது. டோவிலிருந்து வரிசையாக ஏறிப் பாடினால் நம் காதுக்குச் சங்கராபரணம். பழந்தமிழ்ப் பண்களில் பழம்பஞ்சுரம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றாலும் ஆள் ஒருவர்தானே!

மகளுக்குத் திருவிழாக் கடையில் குட்டி கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். நாள் முழுக்கத் தலைவலி. என்ன செய்ய?

வெள்ளையைத் தொடாதே, கறுப்பை மட்டும் அழுத்து என்று சொல்லுங்கள். கறுப்புகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் பிரிந்து நிற்கும். மூன்றில் முதலாவதை 'ச'வாக வைத்து ஐந்தையும் வரிசையாக ஏறினால் மோகனம். அடுத்த கறுப்பில் தொடங்கினால் மத்தியமாவதி. அதற்கும் அடுத்ததில் இந்தோளம். இரண்டு நிற்கும் கூட்டத்தில் முதலாவதில் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டை, 'ச' நகர நகர ஐந்து ராகம்! வித்வான்கள் மேடையில் வியர்க்க வியர்க்கச் செய்யும் கிரக பேதம் இதுதான். ஆனால் கிடைப்பது ராகத்தின் எலும்பு மட்டுமே. சதையும் உயிரும், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தில் இருக்கின்றன. அது கட்டையில் வராது.

கமகம் வராததால்தான் வானொலியில் ஆர்மோனியத்தைத் தடை செய்தார்களா?

சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. பாரிஸில் 1840களில் பிறந்த பெட்டிக்கு அகில இந்திய வானொலி 1940இல் கதவைச் சாத்தி, 1971இல்தான் திறந்தது. அந்த முப்பது வருடமும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஊருக்கே சுருதி கொடுத்தது அந்தப் பெட்டிதான். உள்ளே விடாததால் அது ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை.

வயலின் மட்டும் எப்படிக் கச்சேரிக்குள் நுழைந்தது?

உட்காரத் தெரிந்ததால்! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைச் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வாத்தியம் அதேதான். மேற்கே நின்றுகொண்டு தாடையில் இடுக்குவார்கள். இங்கே சம்மணமிட்டு அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றினார்கள். தாங்கிப் பிடிக்கும் வேலை இடது கைக்குக் குறைய, விரல்கள் தந்தியில் வழுக்கி ஓடின. கமகம் தானாக வந்தது. நாலு தந்தியையும் ச-ப-ச-ப என்று சேர்த்தார்கள். பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரை விருந்தாளி என்றா சொல்வோம்?

ஏற்காடு சாலையில் இன்று வளைவு மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களுக்கு, இசையமைப்பாளர் வேதா வெளி மெட்டுகளை எடுத்துப் போட்டாராமே?

எடுத்தார், இந்தியிலிருந்தும் மேற்கிலிருந்தும். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) பாட்டில் கண்ணதாசன் சொல் ஏறியதும் மூலத்தைத் தேடி யார் போனார்கள்? இதில் வேதாவுக்கு முன்னோடி முத்துசுவாமி தீட்சிதர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீத மெட்டில் அம்பாளைப் பாடியதுதான் 'சந்ததம் பாஹிமாம்'. இந்த வகைக்கு நோட்டுசுவரம் என்றே பெயர். சேலத்துக்காரருக்கு விளக்க வேண்டுமா? தட்டுவடையை எந்தக் கடையிலும் வாங்கலாம். நடுவில் வைக்கிற பீட்ரூட்டிலும் சட்னியிலும்தான் 'செட்'டின் கைமணம்.

பீத்தோவன் நம் கணக்கில் எந்தக் காலம்?

தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் 1770. சியாமா சாஸ்திரியும் பீத்தோவனும் மறைந்தது ஒரே வருடம், 1827. உங்கள் மாவட்டத்தைத் தொட்டுப் போகும் காவிரி நனைத்த சீமையில் மும்மூர்த்திகள். டான்யூப் கரை வியன்னாவில் ஹைடன், மொசார்ட், பீத்தோவன். அவர்கள் ஒரு சுரத்தின் மேல் இன்னொன்றை வைத்து மாடி கட்டினார்கள். இவர்கள் ஒரே சுரத்தில் கிணறு வெட்டினார்கள்.

ஜால்ரா அடிப்பவருக்கு மேற்கத்திய இசையில் இடம் உண்டா?

பீத்தோவனே கொடுத்திருக்கிறார். துருக்கிப் படை வாத்தியக் குழுவிடமிருந்து ஐரோப்பா சுவீகரித்தவை பெரிய டிரம்மும் ஜால்ராவும் முக்கோணமும். 1824இல் அரங்கேறிய ஒன்பதாவது சிம்பொனியில் இம்மூன்றும் கடைசிப் பாகத்தில்தான் ஒலிக்கும். அதுவரை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக ஜால்ராக்காரர் வாய்ப்பு வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமையுள்ள ஜால்ரா நம் பக்கம் கிடைப்பது அரிது.

மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறோம். சிம்பொனி வைக்க முடியுமா?

சிம்பொனி, வழக்கமாக நாலு பாகம் கொண்ட நீண்ட வாத்திய இசை. எழுதிவைத்த தாளைப் பார்த்து எண்பது பேர்கூட வாசிப்பார்கள், மைக்கை நம்பாமல். பண்ணைப்புரத்து இளையராஜா தன்னுடைய 'வேலியன்ட்' சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேற்றினார். உங்கள் ஊரிலும் முடியும். முதலில் எதிர்ப் பந்தல் ஸ்பீக்கர் பெட்டியை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். அது நடந்துவிட்டால் எண்பது பேரைக் கூட்டி வருவது சுலபம்.

எனக்கு அறுபது வயது. இசை இலக்கணம் ஒரு மண்ணும் தெரியாது. இனிமேல் கேட்டு என்ன ஆகப் போகிறது?

அந்தக் காலத்தில் கோயில் மைக் செட்டில் இசைத்தட்டு சுழலும்போது கரண்ட் போகும். பாட்டு இழுத்து, குரல் கனத்து, கிணற்றுக்குள் இறங்குவது போல அமுங்கும். அப்போது முகம் சுளித்தீர்களே, அது சுருதி ஞானம். பம்பைக்காரர் அடியை முடுக்கியதும் உங்கள் காலும் முடுக்கியதே, அது லய ஞானம். இரண்டுக்கும் பெயர் தெரியாமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை பஸ்ஸில் கண்டக்டர் உங்கள் ஊர்ப் பெயரைக் கூவும்போது தொடையில் தட்டிப் பாருங்கள். எட்டுக்குள் அவர் முடிக்கவில்லை என்றால், தாளம் தப்பியது உங்களுக்கு அல்ல.