கொப்பரை பதமும் உன்ற மேனேசரும்

வா சாமி, இப்பிடி படித்துறையில உக்காரு. உன்ற ஆராய்ச்சிக் கம்பெனியில வருசத்துக்குப் பதினொரு பேரு போயிட்டாங்களாமா? மேனேசரு மட்டும் ஆணியடிச்சாப்புல இருக்காராமா? மாசமொரு வழியனுப்புக் கேக்குன்னு உன்ற அம்மா சொன்னா. பாத்துத் தின்னு, சக்கரை வந்துரும்.

பங்குனியில தீர்த்தக்குடம் எடுக்க வர்ற கூட்டமாட்டத்தான் உங்க ஆபீசும். வந்தாங்க, காவேரியில குடத்தை நெப்புனாங்க, கெளம்பிட்டாங்க. இவங்களாச்சும் பழனிக்குப் போறாங்க.

சிரிக்காத. நானும் மேனேசரா இருந்தவந்தான். உன்ற வயசுல கரும்பாலை போட்டேன். கொப்பரையில பாகு கொதிக்கறப்ப ஒரு சொட்டெடுத்துத் தண்ணியில விட்டு, வெரல்ல உருட்டிப் பாக்கோணும். உருண்டா எறக்கோணும். முந்துனா வெல்லம் கசியும், பிந்துனா கருகும். அந்தப் பதம் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருந்தான். நான் பெரிய கெட்டிக்காரனாட்டம் அவன் கூலியில எட்டணா கொறைச்சேன். அதோட உட்டனா? அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு, “ஏண்டா இன்னும் எறக்கல”ன்னு நிமிசத்துக்கொருக்கா கேட்டேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டான், போயிட்டான். அந்தப் பட்டத்துல இன்னும் மூணு பேரு வந்து போனாங்க. வெல்லம் களிமண்ணாட்டம் ஆச்சு. கவுந்தப்பாடிச் சந்தையில ஒருத்தனும் வெல கேக்கல. நான் என்ன பண்ணுனேங்கற? கரும்பை வஞ்சேன்!

உன்ற மேனேசரு ‘டேட்டா சரியில்லை’ங்கறாரல்லோ, அது இந்த வசவுதான்.

கரும்புன்னதும் நெனப்பு வருது. கோயமுத்தூர்ல 1912ல தொடங்குன கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்குதல்லோ, ‘கோ’ன்னு பேரு போட்ட கரும்பெல்லாம் அங்க பொறந்ததுதான். 1930கள்ல அங்க ஜானகி அம்மாள்னு ஒருத்தங்க இருந்தாங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச் சேத்துப் பாத்தவங்க. பொம்பளைன்னும், சாதிய வெச்சும், கூட இருந்த ஆம்பளைங்க மதிக்கலைன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்தம்மா சீமைக்குப் போனாங்க. 1945ல டார்லிங்டன்ங்கற விஞ்ஞானியோட சேந்து பயிருங்களோட குரோமோசோம் கணக்கையே பொஸ்தகமா போட்டாங்க. 1951ல நேரு கூப்பிட்டாரு, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீர்படுத்தச் சொல்லி. இங்க மொகத்தைத் திருப்புனவங்க பேரு உனக்கு ஒண்ணாச்சும் தெரியுமா?

அதனால, மேனேசருக்குப் புத்தி சொல்லப் போகாதே கண்ணு. கொப்பரைக்காரன் எனக்குச் சொன்னான், நான் கேட்டனா? நீ கத்துக்கிட்ட பதத்தையெல்லாம் உன்ற நோட்டுல எழுதிக்க, ஆபீசு நோட்டுல இல்ல. உன்ற கேக்கு வெட்டற அன்னிக்கு ரெண்டு துண்டா வாங்கிட்டு வா. அமுச்சிக்கு ஒண்ணு.

அட, போன் அடிக்குது. அவருதானா? ஞாயித்துக்கெழமையிலயுமா? எடுத்து, “கொடுமுடி ஆத்துல டவரே இல்லீங்க”ன்னு சொல்லி வெய்யி.