இன்ஜினியரம்மா பரீட்சை எழுதுகிறார்

தமிழ்நாட்டில் நான் சட்டப்படி ஆர்க்கிடெக்ட். ஆனால் ஒருவர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. திருச்சியில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் செங்கல் லாரி டிரைவருக்கும் நான் ‘இன்ஜினியரம்மா’. அமெரிக்காவில் நேர்மாறு. சிகாகோவை ஒட்டிய புறநகருக்குக் குடிபோனதும், அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாய்நிறைய ‘ஆர்க்கிடெக்ட்’ என்றார்கள். கூடாது என்றது சட்டம் மட்டும்தான்.

நம் ஊரில் 1972-ஆம் வருடத்துச் சட்டப்படி, ஐந்து வருடம் பி.ஆர்க். படித்துவிட்டு ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பணம் கட்டிப் பெயரைப் பதிந்தால் வேலை முடிந்தது. தனிப் பரீட்சை கிடையாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் தரும். அது இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த வழக்கத்தை 1897-இல் முதன்முதலில் கொண்டுவந்த மாநிலம் இல்லினாய். அதாவது, நான் போய் இறங்கிய அதே மாநிலம். எனக்கு எப்போதுமே இப்படித்தான் அமையும்.

லைசென்ஸ் இல்லாதவரை எப்படி அழைப்பது? என்.சி.ஏ.ஆர்.பி. என்கிற தேசிய அமைப்பு அவருக்கு வெகுகாலம் வைத்திருந்த பெயர் ‘இன்டர்ன்’. பேரன் பேத்தி எடுத்தவரானாலும் பரீட்சை தேறவில்லையென்றால் இன்டர்ன்தான். 2015-இல் அந்த வார்த்தையைக் கைவிட்டார்கள். அதன்பிறகு நாங்கள் எல்லாம் ‘டிசைனர்’ ஆனோம். அம்மாவிடம் சொன்னபோது, “ப்ளவுஸா?” என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் பரீட்சை எழுதுவது என்று முடிவு செய்தேன். “நாப்பது வயசுக்கு மேல என்னடி பரீட்சை? பொண்ணு படிக்கிற வயசுல நீ படிச்சா, அவ எப்ப படிப்பா?” என்றாள் அம்மா. வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் ஆள். அவர்கள் உலகத்தில் சர்டிபிகேஷன் என்பது வெள்ளிக்கிழமை படித்துத் திங்கட்கிழமை எழுதுவது. அவர் தைரியம் சொன்னபோதெல்லாம் எனக்குப் பயம் அதிகமானது.

லைசென்ஸுக்கு 3,740 மணி நேர அனுபவக் கணக்கு காட்ட வேண்டும். வேலைநாளுக்கு எட்டு மணி நேரம் என்றாலும் இரண்டு வருடத்தை ஒட்டி வந்துவிடும். அப்புறம் ஆறு தாள். நான் எழுதியபோது ஒரு தாளுக்கு 235 டாலர். இதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தோம். ஒரு தாளில் தவறினால் அதே தாளை மறுபடி எழுத 60 நாள் காத்திருக்க வேண்டும். சபரிமலைக்கே 41 நாளில் ஒரு மண்டலம் முடிந்துவிடுகிறது.

படிக்க ஆரம்பித்ததும் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. காலேஜில் எங்களுக்கு மில்லிமீட்டரில் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். சைட்டுக்குப் போனால் மேஸ்திரிக்கு மில்லிமீட்டர் என்பது கண்ணாடிக் கடைக்காரர் சமாச்சாரம். ‘ஒம்போது இஞ்சு செவுரு, மூணுக்கு ஏழு கதவு’ என்றால்தான் வேலை நகரும். அமெரிக்கா முழுக்க மேஸ்திரி கணக்குதான். மற்ற வெளிநாட்டுக்காரர்கள் அடி, அங்குலத்தில் திணறிக்கொண்டிருக்க, நான் சொந்த ஊருக்கு வந்தமாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சந்தோஷம் சுவரோடு முடிந்தது. அங்கே ஒரு சுவருக்குள் மரச்சட்டம், பஞ்சு, நீராவித் தடுப்பு என்று ஒரு குடும்பமே குடியிருக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் நீராவித் தடுப்பு சுவரின் உள்பக்கம் வர வேண்டும். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் வெளிப்பக்கம். எங்கள் ஊர்ச் சுவரில் இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஒரே தடுப்பு, ‘இங்கு விளம்பரம் செய்யாதீர்’ என்பதுதான். அஸ்திவாரம் சிகாகோவில் 42 அங்குலமாவது கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் மண்ணிலிருக்கும் ஈரம் உறைந்து, வீங்கி, வீட்டையே தூக்கிவிடும். மண் வெடித்துப் பார்த்திருக்கிறேன், சரிந்து பார்த்திருக்கிறேன். உறைந்து வீடு தூக்கும் மண்ணை மனசு நம்ப மறுத்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் தனி அத்தியாயம். சக்கர நாற்காலி திரும்ப 60 அங்குல விட்டத்தில் வட்டம், கதவு திறந்தால் தடையில்லாமல் 32 அங்குலம், சாய்தளம் 12-க்கு 1, கழிப்பறைக் கைப்பிடி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். மனப்பாடம் ஆவதற்காக டேப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். ஒருமுறை ஹோட்டல் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, “சுவத்துலேருந்து நடுமையம் பத்தொம்போது இஞ்சு வச்சிருக்கான்! பதினாறுலேருந்து பதினெட்டுக்குள்ளதான் இருக்கணும்!” என்று மேஜைக்கே கேட்கிறமாதிரி அறிவித்தேன். மகள் அன்றைக்குத் தோசையைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டாள். ஆனால் இந்தக் கேள்விகளை வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். நம் வீடுகளில் பாத்ரூமுக்கு இரண்டரை அடிக் கதவு, வாசலில் தண்ணீர் வராமலிருக்க ஒரு மேடு. வயதானவர்கள் விழுந்து இடுப்பொடிவதெல்லாம் அந்த மேட்டில்தான்.

இதெல்லாம் மனப்பாடக் கஷ்டம். உட்கார்ந்து படித்தால் தீரும். உண்மையான எதிரி வேறு. அது என்னுடைய அனுபவம்.

பரீட்சையில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: இன்ன பிரச்சினை வந்துவிட்டது, ஆர்க்கிடெக்ட் முதலில் என்ன செய்ய வேண்டும்? காலேஜை விட்டு நேற்று வந்த பிள்ளைக்கு இது சுலபம். புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிடும். எனக்கோ நிஜமாகவே என்ன நடக்கும் என்று தெரியும். அதுதான் வினை.

அஸ்திவாரம் தோண்டும்போது எதிர்பாராத பாறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கத்தின் ஏ201 என்ற பொது நிபந்தனைப் படிவம் சொல்கிறது: கான்ட்ராக்டர் அதைக் கலைக்காமல், பார்த்த 14 நாளுக்குள் உரிமையாளருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் தெரிவிக்க வேண்டும், ஆர்க்கிடெக்ட் உடனே ஆராய வேண்டும், செலவும் காலமும் மாறுமானால் அதற்கேற்ற திருத்தத்தைப் பரிந்துரைக்க வேண்டும். என் மனசில் ஓடும் படமே வேறு. மேஸ்திரி போன் செய்வார், நான் ஸ்கூட்டியில் போவதற்குள் ஊரே குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வீடு கட்டுகிறவரின் மச்சான், “பாறை நல்லதுதானே, அஸ்திவாரச் செலவு மிச்சம்” என்பார். டீ வரும். டீ முடிவதற்குள் சுவர் ஒன்றரை அடி நகர்ந்திருக்கும். கொடுத்திருந்த நாலு விடையில் இது எதிலுமே இல்லை.

இன்னொன்று: வேலையை எப்படிச் செய்வது என்பது முழுக்கக் கான்ட்ராக்டர் பொறுப்பு. ஆர்க்கிடெக்ட் தலையிடக் கூடாது. ஆர்க்கிடெக்டுக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவில் ஒப்பந்தமே கிடையாது. இருவருக்கும் தனித்தனியாக உரிமையாளரோடுதான். இதை என் பழைய மேஸ்திரியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப மழ வந்தா தார்ப்பாய் போடுன்னு யாரும்மா கத்துவாங்க?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. காங்கிரீட் போட்ட அன்றைக்கு மேகம் திரண்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்குத் தெரியவே தெரியாது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ‘சப்ஸ்டான்ஷியல் கம்ப்ளீஷன்’. கட்டடத்தை எதற்காகக் கட்டினார்களோ அதற்கு உரிமையாளர் பயன்படுத்தலாம் என்ற நிலை. பாக்கி வேலைக்குக் கான்ட்ராக்டர் பட்டியல் போட, ஆர்க்கிடெக்ட் வந்து பார்த்து, தேதி குறித்துச் சான்றிதழ் தர வேண்டும். கான்ட்ராக்டரின் உத்தரவாதக் காலம் எல்லாம் அந்தத் தேதியிலிருந்து ஆரம்பம். நம் ஊரில் அந்தத் தேதியைக் குறிப்பவர் ஜோசியர். ஆனியில் வேண்டாம், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. மாடியில் கைப்பிடிச் சுவர் இருக்காது, ஸ்விட்ச் பெட்டியில் ஒயர் தொங்கும், பின்கட்டில் பெயின்டர் பட்டி தடவிக்கொண்டிருப்பார். ஆனாலும் விடியற்காலையில் பசுமாடு ஈரத் தரையில் வழுக்காமல் உள்ளே போய், பால் பொங்கினால் கட்டடம் முடிந்தது. பாக்கிப் பட்டியல் எதற்கு? சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் கைகழுவப் போகும்போதே போட்டுவிடுவார்கள்.

பரீட்சை மையத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். நகை கூடாது, கல்யாண மோதிரம் மட்டும் போடலாம். தாலியைக் காட்டி, இதுதான் எங்கள் ஊர்க் கல்யாண மோதிரம் என்றேன். காவலுக்கு நின்ற பெண் அதன் கனத்தைப் பார்த்து, விரலில் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டார்.

ஆபீஸில் மூத்தவர் ஒருவர் தன் காலத்துக் கதை சொல்வார். 1997-இல் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறும்வரை இது காகிதப் பரீட்சை. அதில் 12 மணி நேரம் தொடர்ந்து கையால் வரையும் டிசைன் தாள் ஒன்று இருந்தது. மரப்பலகை, டி-ஸ்குயர், சாப்பாட்டு மூட்டையோடு போவார்களாம். எனக்கு வாய்த்ததோ நேர்மாறு. 2020 கடைசியில் கிறுக்குத் தாளையும் பென்சிலையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் திரையில் ஒரு வெள்ளைப் பலகை, மவுஸால் வரைய வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பென்சிலால் சோறு தின்றவள் மவுஸால் ஒரு வட்டம் போட்டேன். அவிந்த கொழுக்கட்டை மாதிரி வந்தது. ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பரீட்சையில் கையில் பென்சில் கூடாது என்றதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதே சமயத்தில் இன்னொரு விதியும் வந்தது. நடுவில் எழுந்து போகலாம். ஆனால் அதுவரை பார்த்த கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. காலையில் காபி குடிப்பதா வேண்டாமா என்பதே ஒரு கேள்வியாகிப் போனது.

ஒரு தாள் காலை வாரியது. நிர்வாகத் தாள். லாப விகிதம், ஊழியர் கணக்கு என்று போனது. அப்போது ஆறுதலுக்கு நான் பிடித்துக்கொண்டவர் ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ. நியூயார்க்கில் சீக்ரம் கட்டடத்தை அவர் டிசைன் செய்துகொண்டிருந்தபோது, உங்களுக்கு இந்த மாநில லைசென்ஸ் இல்லையே, ஹைஸ்கூல் படிப்புக்குச் சமமான தகுதியை நிரூபிக்கப் பரீட்சை எழுதுங்கள் என்றார்களாம். மனிதர் உலகப் புகழ் பெற்றவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பேசாமல் சிகாகோவுக்குத் திரும்பிவிட்டார். நான் ஏற்கனவே சிகாகோவில்தான் இருந்தேன். திரும்பிப் போக ஊர் இல்லாததால் மறுபடி எழுதினேன்.

கடைசித் தாள் முடிந்ததும் திரையில் உத்தேச முடிவு வந்தது: நீங்கள் தேறியிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு உடனே போன் போட்டேன். “அதென்னடி வாய்ப்பு அதிகம்? பாஸா, பெயிலா? அந்தக் காலத்துல பேப்பர்ல நம்பர் வந்தா வந்துச்சு, வரலைன்னா வரலை” என்றாள். சில நாளில் வந்த மின்னஞ்சலில் அந்த ‘வாய்ப்பு’ இல்லை. பாஸ்.

அதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எதிர்வீட்டு அத்தை கையில் ஒரு பிளானோடு உட்கார்ந்திருந்தார். மகனுக்கு வீடு கட்டுகிறார்களாம்.

“ஏம்மா, செப்டிக் டேங்க் ஈசான்ய மூலைல வரலாமா? எங்க இன்ஜினியர் வரலாம்ங்கிறாரு.”

“கூடவே கூடாது அத்தை. அங்க சம்ப்பு வரட்டும். டேங்க்கை வாயு மூலைக்குத் தள்ளச் சொல்லுங்க.”

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “அதான பாத்தேன். என்ன இருந்தாலும் அமெரிக்கால பாஸ் பண்ணவ இல்ல?”