வாசல் மூடியும் குறையாத விலை

குத்துச்சண்டை புரமோட்டர் ஐயா, உங்கள் சாமர்த்தியத்தைச் சொல்லி மாளாது.

2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் மேவெதரும் பக்கியாவோவும் மோதினார்கள். வாசல் டிக்கெட்டில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வந்தது. 46 லட்சம் பேர் ஆளுக்கு 90, 100 டாலர் கட்டி வீட்டிலிருந்து பார்த்தார்கள். அந்தக் காசில் அரங்கத்து ஆரவாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு குத்து விழுந்ததும் ஆயிரமாயிரம் பேர் எழுந்து கத்துவதும் சேர்ந்ததுதானே நீங்கள் விற்ற சரக்கு?

2020-ல் கொரோனா வாசலைப் பூட்டியது. சாதாரண வியாபாரி என்றால் எடை குறைந்த மூட்டைக்கு விலையைக் குறைத்திருப்பான். நீங்கள் அசரவில்லை. செப்டம்பர் 26 அன்று கனெக்டிகட்டில், ரசிகர் ஒருவர்கூட இல்லாத அரங்கில் சார்லோ சகோதரர்களை இறக்கிவிட்டு ஏறக்குறைய 75 டாலர் வாங்கினீர்கள். வாசலில் விழுந்த துண்டை வீட்டுச் சோபாவில் இருப்பவன் மடியிலிருந்து எடுக்கலாம் என்ற யோசனை லேசில் யாருக்கும் வராது.

இங்கிலாந்தில் உங்கள் கூட்டாளியும் சளைத்தவர் இல்லை. ஆகஸ்ட் 22 அன்று எசெக்ஸில், தன் கம்பெனித் தோட்டத்திலேயே மேடை போட்டார். கட்டணம் 19.95 பவுண்டு. நாலாம் ரவுண்டில் டிலியன் வைட் இரண்டு முறை பொவெட்கினைக் கீழே தள்ளினார். ஐந்தாம் ரவுண்டில் பொவெட்கினின் இடது கை கீழிருந்து மேலே வந்தது. வைட் மல்லாந்து விழுந்தார். உலகப் பட்டத்துக்கு மோத ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மனிதர். 'ஐயோ' என்று பதற அங்கே ஒரு கூட்டம் இல்லை. அந்த அமைதியையும் விலைக்குள் சேர்த்துக் கொடுத்த தாராளத்தை எப்படி மறப்பது?

நவம்பர் 28 வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 54 வயது டைசன், 51 வயது ராய் ஜோன்ஸ். இரண்டே நிமிட ரவுண்டுகள் எட்டு, கனத்த கையுறை, நாக்-அவுட்டைத் தேடிப் போகக் கூடாது என்ற நிபந்தனை. விலை 49.99 டாலர். 16 லட்சத்துக்கு மேல் விற்றது என்று விற்றவர்களே அறிவித்தார்கள். பதினாறு நிமிடக் காட்சிச் சண்டையை எட்டுக் கோடி டாலராக்கிய கைராசி உங்களுடையது. முடிவு டிரா.

இந்தக் கலை எல்லோருக்கும் கைவரவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று, உலகப் பட்டங்களுக்காக லோமசென்கோவும் டியோஃபிமோ லோபஸும் மோதியதை ஈஎஸ்பிஎன் தனிக் கட்டணம் கேட்காமல் காட்டிவிட்டது. அந்த ஆண்டின் மிகப் பெரிய சண்டைகளில் ஒன்று அது. அரங்கம் அங்கேயும் ஏறக்குறைய காலிதான்.

ஐயா, புகழ்ந்தது போதும். காலி நாற்காலிக்கும் சேர்த்து எங்களிடம் வாங்காதீர்கள். கூட்டமில்லாத சண்டைக்கு விலையைக் குறையுங்கள்.