அட்டையில் காட்டெருமை

எதன் மேல் படம் அச்சடித்திருந்தாலும் அதை அப்படியே நம்பிவிடுவது என் பிறவிக் குணம். சூப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு, மேலே படத்தில் இருந்த கேரட்டைத் தேடும் ஆள் நான். வீட்டில் சிரிப்பார்கள். இந்த வியாதி எனக்கு டிவி கேம் கேசட்டிலிருந்து தொற்றியது.

தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பக்கம் விற்ற டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். பெட்டி எப்படியோ ஏற்காடு வந்து சேர்ந்துவிட்டது. கேசட்டுக்குத்தான் சேலம் இறங்கியாக வேண்டும். எஸ்டேட்டில் சம்பளம் போட்டதும் அப்பா மளிகை வாங்க இறங்குவார், நானும் ஒட்டிக்கொள்வேன். கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் நாலைந்து கேசட்டைப் பரப்புவார். போட்டுக் காட்டச் சொல்லும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை. எந்தப் படம் அதிகம் மிரட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

அப்படி எடுத்த ஒன்றில் துப்பாக்கி ஏந்திய முரட்டு ஆள், முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர், சுற்றிலும் நெருப்பு. திரும்பும் பஸ்ஸில் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்ததில் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் வாந்தி. அப்பா என் தலையை ஜன்னலுக்கு வெளியே தள்ளிப் பிடித்திருக்க, நான் கேசட்டை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் வாத்து சுடும் கேம். அதற்கு கன் வேண்டும். என்னிடம் கன் கிடையாது. வாத்துகள் பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஐப்பசி மழை ஈரத்தில் ஹெலிகாப்டர் லேபிள் உரிந்து வந்தது. அடியில் வாத்துப் படம் போட்ட லேபிள் ஒழுங்காக ஒட்டியிருந்தது.

‘9999 இன் 1’ என்று போட்டிருந்ததையும் நம்பியவன் நான். ஆடி முடித்ததை டிக் அடிக்க நோட்டுப் போட்டு வரிசை எண் எழுதினேன். முதல் பக்கம் முடிவதற்குள் அதே மரியோ வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து ஓடிவந்தார். அப்போதும் இரண்டாம் பக்கத்துக்கு எண் எழுதினேன்.

இந்தப் பித்தலாட்டத்துக்கு ஒரு பரம்பரை உண்டு என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 1977-ல் அட்டாரி தன் வீட்டு மெஷினோடு கொடுத்த ‘காம்பேட்’ அட்டையில் பீரங்கி வண்டிகளும் போர் விமானங்களும் சீறும். வரைந்தவர் க்ளிஃப் ஸ்போன், பெரிய கைகாரர். டிவியில் வந்ததோ இரண்டு மொட்டைக் கட்டைகள். உள்ளே படம் காட்ட வழியில்லாததால்தான் வெளியே அத்தனை படம். 1983-ல் அமெரிக்க கேம் சந்தை படுத்தது. அதற்குப் பிறகு அங்கே நுழைந்த நின்டெண்டோ, 1985-ல் கறுப்பு அட்டைகளில் திரையில் தெரியும் கட்டம் கட்டமான பொம்மையையே பெரிதாக்கி அச்சிட்டது. பார், இதுதான் கிடைக்கும் என்று. மெச்ச வேண்டிய நேர்மைதான். எனக்கு அந்த அட்டைகள் பிடிக்கவே பிடிக்காது. பாப் வேக்லின் வரைந்த ‘கான்ட்ரா’ கேம் அட்டை மாதிரி இருக்க வேண்டும். ‘பிரிடேட்டர்’ ஸ்டில்லில் அர்னால்ட் நிற்கும் தோரணையை அப்படியே இறக்கி வைத்திருப்பார். உள்ளே அந்த அர்னால்ட் கட்டைவிரல் உயரம்கூட இல்லை, ஒரு குண்டு பட்டாலே ஆள் காலி. இருக்கட்டுமே.

அட்டை இப்படி அளக்க, உள்ளே இருந்த எழுத்துக்கு அளக்க இடமே கிடையாது. நீளத்தில் 8 புள்ளி, அகலத்தில் 8 புள்ளி, அவ்வளவுதான் ஓர் எழுத்துக்குக் கிடைத்த மனை. எழுத்துகள் ஒட்டாமலிருக்க ஓரத்தில் ஒரு வரிசையை விட்டால் மிச்சம் 7. அட்டாரியின் கிளையான கீ கேம்ஸ் 1976-ல் வெளியிட்ட ‘குவிஸ் ஷோ’வில் வந்த எழுத்தை அப்புறம் நாம்கோ எடுத்துக்கொண்டது, ‘பேக்மேன்’ உட்பட ஏகப்பட்ட கேம்களில் அதன் சாயல்தான். நிமிர்ந்த கோடு இரண்டு புள்ளித் தடிமன், படுத்த கோடு ஒரு புள்ளி. பழைய டிவியில் ஒற்றைப் புள்ளி நிமிர்ந்த கோடு கரைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. டோஷி ஒமகாரி என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் இந்த எழுத்துகளுக்காகவே 2019-ல் ஒரு புத்தகம் போட்டார். அதைப் படித்த வேகத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. பழைய ஃபேமிகாமுக்குத் தமிழில் ஒரு கேம் எழுதுவது என்று உட்கார்ந்தேன். சேலத்திலிருந்து கிளம்பும் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு ஒண்டிக்கடையில் போய் நிற்க வேண்டும்.

அந்த மெஷினில் பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 கட்டங்கள் கிடைக்கும். தமிழில் 247 எழுத்து. மிச்சம் 9. ஸ்கோர் காட்டவே 10 எண்கள் வேண்டுமே என்று ஒரு ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டேன். கவலையோடு அகர வரிசைப்படி வரையவும் ஆரம்பித்துவிட்டேன். ‘ஙௌ’வை வரைந்து முடித்து அழகு பார்த்தபோதுதான், இதை எந்த பஸ் போர்டில் எழுதப்போகிறோம் என்று உறைத்தது. ஒற்றைக் கொம்பு, கால், இணைக்கொம்பு எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டமாக வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பது அதற்கும் பிறகு.

‘ண’தான் என்னை உட்கார வைத்தது. சுழிக்கு மூன்று புள்ளி போனால் மிச்சம் நாலு. அதற்குள் வளைவுகளை நுழைத்து நடுவில் வெளிச்சமும் விட வேண்டும். வெளிச்சம் விட்டால் ‘ன’ ஆகிவிடும், விடாவிட்டால் கரிக்கட்டை. ‘ணை’யின் பழைய தும்பிக்கையை 1978 எழுத்துச் சீர்திருத்தம் வெட்டிவிட்டது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் யானைக்கும் இடம் தேட வேண்டும். அடுத்தது புள்ளி. மேலே ஒரு வரிசை புள்ளிக்கு, அதற்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு வரிசை என்று விட்டால் எழுத்துக்கு அஞ்சாறு வரிசைதான் தேறும். கஞ்சத்தனமாக இடைவெளியை விழுங்கினேன். புள்ளி தலையோடு ஒட்டிக்கொண்டது. திரையில் பெரிதாக ஊர்ப் பெயர் போட்டு நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏறகாடா? எங்கடா இருக்கு அது?" என்றான். கீழே ஏற்காடு ஏரிப் படகு வரைந்திருந்தேன். அதைச் செருப்பு என்று நினைத்தானாம்.

தமிழை 16 புள்ளிக்கு மாற்றினால் தீரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும். ஆகவே அதை விட்டுவிட்டு, அட்டை வரையப் போய்விட்டேன்.

அட்டை மட்டும் பிரமாதம். சேர்வராயன் மலை மேல் இடி, மின்னல், மூடுபனி. நடுவில் கண் சிவந்த காட்டெருமை ஒன்று நாலு காலும் தரையில் படாமல் பஸ்ஸைத் தாண்டிப் பாய்கிறது. எழுத்தில் நெருப்பு எரியவிட்டேன். இங்கே ‘ண’ கம்பீரமாக வந்தது, இடத்துக்குப் பஞ்சமில்லையே. கேமுக்குள் காட்டெருமை கிடையாது. குரங்குகள் உண்டு. அவையும் மூன்று பழுப்புச் சதுரங்கள்.

கோடை விழா லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். அட்டையைப் பார்த்ததும் அவன் கண் விரிந்த விதத்தை நான் கடைவீதிக் கண்ணாடி மேஜையில் பார்த்திருக்கிறேன். நாலு வளைவு ஏறிவிட்டு, "மாமா, எருமை எந்த வளைவுல வரும்?" என்று கேட்டான்.

"இருபதாவது தாண்டு மாப்ள, வரும்."

பதினாலாவது வளைவில் கேம் அப்படியே நின்றுவிடும். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் ஊதிட்டுப் போடு, ஏறும்" என்று சொல்லிவிட்டு, காபி வாங்கப் போகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.